துளை சிறியது, சரி. சிறுநீரகம் எவ்வளவு மிச்சம்?



சிறுநீரகப் புற்றுநோயை ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் சிறுதுளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் ஆர்வ மிகுதியால் ‘தழும்பில்லாத சிகிச்சை’ என்று அச்சடித்துவிட்டார்கள். தழும்பு இருக்கும். நாலைந்து இடங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். கட்டியை வெளியே எடுக்க ஒரு துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டிவரும். அங்கே இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் நோயாளியும் குடும்பமும் இந்தத் தழும்புக் கணக்கிலேயே நின்றுவிடுவதுதான் எனக்கு ஆதங்கம். அறைக்குள் நுழைந்ததுமே, “டாக்டர், ஓப்பனா, ஓட்டை போட்டுப் பண்றதா, ரோபோவா?” என்று கேட்கிறார்கள். “கிட்னி முழுசா போகுமா, கட்டி மட்டும் போகுமா?” என்று கேட்பவர்கள் அபூர்வம். இன்று என் பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான்.

இந்த நோயோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சிறுநீரகத்துக்காக டாக்டரிடம் போனவர்களே இல்லை. வாயுத் தொல்லை என்று வயிற்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார்கள். மகன் வற்புறுத்தினான் என்று மாஸ்டர் செக்கப்புக்குப் போயிருப்பார்கள். ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில், ‘இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3 செ.மீ. அளவில் ஒரு கட்டி, சி.டி. எடுத்துப் பார்க்கவும்’ என்று இருக்கும். நாங்கள் மாணவர்களாக இருந்தபோது இந்த நோய்க்கு மூன்று அடையாளங்களை மனப்பாடம் செய்தோம்: சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி. மூன்றும் சேர்ந்து வருவது இன்று பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அப்படி வந்தால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு வார்த்தை. சிறுநீரில் ரத்தம் வலியில்லாமல் வந்தால் நம் வீடுகளில் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: “உடம்பு சூடு.” இளநீர் குடிப்பார்கள், நன்னாரி சர்பத் குடிப்பார்கள். இரண்டு நாளில் ரத்தம் தானாக நின்றும் போகும், கட்டியிலிருந்து வரும் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால். சூடு தணிந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு தடவை வந்தாலும், குறிப்பாக 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வந்தால், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். புகை, உடற்பருமன், ரத்தக்கொதிப்பு இந்த மூன்றும் இந்நோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணிகள். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

சரி, ஆரம்ப நிலை என்றால் என்ன? கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கி, 7 செ.மீ.க்குள் இருந்தால் முதல் நிலை. அதிலும் 4 செ.மீ.க்குள் இருப்பதைத் தனியாகப் பிரித்து, ‘சிறு கட்டி’ என்கிறோம். நான் பேசப்போவது முக்கியமாக இந்தச் சிறு கட்டிகளைப் பற்றி. இவற்றைப் பற்றி இரண்டு சேதிகள் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒன்று, 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை. வெட்டி எடுத்துப் பரிசோதித்த பிறகு சாதுவான கட்டி என்று தெரிய வருகிறது. இரண்டு, புற்றுநோயாகவே இருந்தாலும் சிறு கட்டி சராசரியாக ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. “நாளைக்கே எடுத்துடுங்க சார், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை” என்று மகன்கள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாளைக்கே எடுக்க வேண்டியதில்லை. யோசிக்கவும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் சில வாரங்கள் தாராளமாக இருக்கின்றன.

“கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்” என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. இந்த நோயைப் பொறுத்தவரை அது தலைகீழ். வழக்கமான கீமோதெரபி மருந்துகளுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் பெரிதாக மசிவதில்லை. நோய் பரவியவர்களுக்கு இன்று நோயெதிர்ப்பு மருந்துகள் நல்ல பலன் தருகின்றன. ஆனால் சிறுநீரகத்தைத் தாண்டாத நோயை முழுசாகக் குணமாக்க முதல் வழி கட்டியை வெட்டி எடுப்பதுதான். அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்குப்படி, சிறுநீரகத்துக்குள் அடங்கிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள்.

இப்படி நீண்ட காலம் வாழப்போகிறவர் என்பதால்தான் மிச்சம் வைக்கும் சிறுநீரகத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது.

கொஞ்சம் வரலாறு. 1869 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை நிபுணர், திட்டமிட்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை எடுத்தார். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் உயிர் வாழ முடியுமா என்பதே அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவர் அதை முன்கூட்டியே நாய்களில் செய்து பார்த்து, அவை பிழைத்துக்கொண்டதைக் கண்ட பிறகே அந்தப் பெண்மீது கை வைத்தார். அந்தப் பெண் பிழைத்தார். ‘ஒன்று போதும்’ என்ற துணிச்சல் மருத்துவத்துக்கு அன்று வந்தது. 18 ஆண்டு கழித்து, 1887-இல், அதே ஹைடெல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி கட்டியை மட்டும் எடுத்து மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைத்தார். ஆனால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு என்பதால் அந்த வழியில் அதிகம் பேர் நடக்கவில்லை. 1960-களில் கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த ராப்சன், சிறுநீரகம், அதைச் சுற்றிய கொழுப்பு, மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக எடுப்பதை விதியாக்கினார். அன்று வந்த கட்டிகள் பெரியவை. அதற்கு அது சரி. தொல்லை என்னவென்றால், ஸ்கேன் வந்து கட்டிகள் சுண்டைக்காய் அளவில் பிடிபடத் தொடங்கிய பிறகும் அதே விதி பல ஆண்டு நீடித்தது.

அந்தக் காலத்து முழு நீக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விலாவில் 11 அல்லது 12-ஆவது எலும்பை ஒட்டி, முதுகிலிருந்து வயிறு வரை ஒரு சாணுக்கு மேல் கீறுவார்கள். பல சமயம் விலா எலும்பின் நுனியையும் வெட்டி எடுப்பார்கள். மூன்று அடுக்குத் தசை அறுபடும். இருமினால் உயிர் போகும் வலி. அந்த வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் நெஞ்சில் சளி கட்டும். சிலருக்குத் தசை நரம்பு அறுபட்டு, அந்தப் பக்கம் வயிறு பலூன் போலப் புடைத்தே நிற்கும். உள்ளே எடுக்கும் கட்டி ஒரு எலுமிச்சை அளவு. அதற்குப் போகும் வழி இவ்வளவு பெரிசு.

1990 ஜூன் 25. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம், வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனை. ரால்ஃப் கிளேமன் என்ற சிறுநீரக அறுவை நிபுணரும் அவரது குழுவும் 85 வயது மூதாட்டி ஒருவரின் வலது சிறுநீரகத்தைத் துளைகள் வழியாகவே எடுத்தார்கள். கட்டி 3 செ.மீ. ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது. விரல் அகலத் துளை வழியாக ஒரு முழுச் சிறுநீரகம் எப்படி வெளியே வரும்? வயிற்றுக்குள்ளேயே ஒரு பையை விரித்து, சிறுநீரகத்தை அதற்குள் போட்டு, பையின் வாயை வெளியே இழுத்து, உள்ளேயே அதைத் துண்டுதுண்டாக்கி உறிஞ்சி எடுத்தார்கள். உலகில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 85 வயதில் விலாவைக் கிழிக்காமல் அந்த அம்மாளைக் காப்பாற்றியது பெரிய காரியம்.

அந்த அம்மாளின் கட்டி புற்றுநோயா? இல்லை. பரிசோதனையில் ஆன்கோசைட்டோமா என்று வந்தது. பரவாத, சாதுவான கட்டி. ஐந்தில் ஒன்று என்று முன்பு சொன்னேனே, அந்த ஒன்று. சரித்திரத்தில் இடம்பிடித்த முதல் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறுதுளை வழிச் சிறுநீரக நீக்கத்தில் எடுக்கப்பட்டது புற்றுநோய் இல்லாத ஒரு முழுச் சிறுநீரகம். நான் கிளேமனைக் குறை சொல்லவில்லை. அன்றைய ஸ்கேனில் அதைப் பிரித்தறிய வழியில்லை. இன்றும் பல சமயம் இல்லை.

நான் சொல்ல வருவது அதன் பிறகு நடந்ததை. துளை வழியாக முழுச் சிறுநீரகத்தை எடுப்பதை உலகமெங்கும் கற்றுக்கொண்டார்கள். கட்டியை மட்டும் எடுத்துத் தைப்பது துளை வழியாக மிகக் கடினம். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. திறந்த அறுவையில் கட்டியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாற்றக்கூடிய நோயாளிகளுக்குக்கூட, ‘சின்ன ஓட்டையில் முடிகிறதே’ என்று முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தார்கள். அமெரிக்காவிலேயே 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் சிறு கட்டிக்காரர்களில் சிறுபான்மையினருக்குத்தான் பகுதி நீக்கம் கிடைத்தது. தோலுக்குக் காட்டிய கருணையைச் சிறுநீரகத்துக்குக் காட்டவில்லை. அந்நாட்டுச் சிறுநீரக அறுவை நிபுணர் சங்கம் 2009-இல் வழிகாட்டி வெளியிட்ட பிறகே, சிறு கட்டிக்குப் பகுதி நீக்கமே முதல் தேர்வு என்பது நிலைபெற்றது.

நீங்கள் கேட்கலாம்: “டாக்டர், தானம் கொடுக்கிறவங்க ஒரு கிட்னியோட நல்லாத்தானே இருக்காங்க?” நியாயமான கேள்வி. தானம் கொடுப்பவரை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று பாருங்கள். சர்க்கரை இருக்கக் கூடாது, சிறுநீரில் புரதம் போகக் கூடாது, இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்ய வேண்டும், ஆயிரம் சோதனை. கட்டியோடு வருபவர் அப்படித் தேறி வந்தவர் இல்லை. 60 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை, பதினைந்து வருஷமாகக் கொதிப்பு மாத்திரை. நம் ஊரில் பாதிப் பேர் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 662 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இரண்டு சிறுநீரகம், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சரி. நாம் ‘உப்பு நார்மல்’ என்று சொல்வோமே, அந்த நிலை. ஆனால் வடிகட்டும் திறனைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவர்களில் 26 சதவீதம் பேருக்கு அறுவைக்கு முன்பே சிறுநீரகம் பலவீனமாக இருந்தது. மற்றவர்களில், மூன்று ஆண்டு கழித்து அந்தத் திறன் பலவீன எல்லையான 60-க்குக் கீழே விழாமல் தப்பித்தவர்கள், பகுதி நீக்கத்தில் 80 சதவீதம். முழு நீக்கத்தில் 35 சதவீதம். ஆகவே அறிக்கையில் ‘உப்பு நார்மல்’ என்று இருப்பதை மட்டும் நம்பி ஒரு சிறுநீரகத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1992-இல் தொடங்கி, 541 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 5 செ.மீ. வரையுள்ள கட்டிகளுக்குப் பாதிப் பேருக்கு முழு நீக்கமும் பாதிப் பேருக்குப் பகுதி நீக்கமும் செய்தது. பத்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முழு நீக்கத்தில் 81 சதவீதம், பகுதி நீக்கத்தில் 76 சதவீதம். எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே போனவர்கள் முழு நீக்கத்தில் 86 சதவீதம், பகுதியில் 65. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்கள் இரண்டிலும் சம அளவு, ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. புற்றுநோயால் இறந்தவர்கள் இரு பக்கமும் வெகு சிலர்.

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு எங்கள் மாநாடுகளில் இன்றும் சண்டை நடக்கிறது. என் கணிப்பு இது. மறுபக்கச் சிறுநீரகம் நல்ல நிலையில் உள்ளவருக்கு, கட்டி எசகுபிசகான இடத்தில் இருந்து, வயதும் ஏறியிருந்தால், துளை வழியாக முழுசாக எடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் சர்க்கரையோ கொதிப்போ இருப்பவருக்கும், 50 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கும், இரண்டு பக்கமும் கட்டி வரக்கூடிய பரம்பரை நோய் உள்ளவருக்கும் மிச்சம் வைக்க முடிந்தால் மிச்சம் வைத்தே ஆக வேண்டும். நம் நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பட்டியலில்தான் வருகிறார்கள்.

இனி, ஆபரேஷன் தியேட்டருக்குள் உங்களை அழைத்துப் போகிறேன்.

மாம்பழத்தில் கெட்ட இடத்தைச் சீவி எடுப்பது போலத்தானே என்பார்கள். மாம்பழத்துக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுவதில்லை. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தலா 150 கிராம் எடையுள்ள இந்த இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. தெளிந்த அணுவகைப் புற்றுநோய்தான் சிறுநீரகத்தில் அதிகம். அதில் ரத்தக் குழாய்களை இழுத்து வளர்க்கும் தன்மையும் உண்டு. ஆகவே இந்த ஆபரேஷன் முழுக்க முழுக்க ரத்தத்தோடும் கடிகாரத்தோடும் நடக்கும் விவகாரம்.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, கூடாரம் போல் உப்ப வைக்கிறோம். ஏன் அந்த வாயு? மின்கத்தி தீப்பொறியில் பற்றாது. ரத்தத்தில் கரைந்தாலும் மூச்சில் வெளியேறிவிடும். துளைகளில் ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். பெருங்குடலை மெல்ல ஒதுக்கினால் பின்னால் மஞ்சள் கொழுப்பு மூட்டை. அதைப் பிரித்தால் செங்கல் நிறத்தில் சிறுநீரகம். முதல் வேலை கட்டியைத் தேடுவது இல்லை. ரத்தக் குழாயைத் தேடுவது. தமனியைச் சுத்தமாகப் பிரித்து வைத்த பிறகே கட்டிப் பக்கம் போவோம். கட்டிமேல் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பிரிக்காமல் விடுவோம், அதில் நோய் ஊடுருவியிருக்கலாம் என்பதால். உள்ளேயே சின்ன ஸ்கேன் கருவியை வைத்துக் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்து, சுற்றிலும் மின்கத்தியால் வட்டம் போடுவோம்.

பிறகு ‘புல்டாக்’ என்று நாங்கள் சொல்லும் சின்னக் கவ்வியைத் தமனிமேல் வைப்போம். “கிளாம்ப் ஆன்” என்றதும் சிஸ்டர் கடிகாரத்தை ஓடவிடுவார். செங்கல் நிறம் வெளுத்துச் சாம்பலாகும். அந்தக் கணத்திலிருந்து சிறுநீரகம் மூச்சடக்கி நிற்கிறது. அதன் நுண்குழாய் அணுக்களுக்கு ஆக்சிஜன் பசி அதிகம். 20, 25 நிமிடத்துக்குள் ரத்தத்தைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் குறி. சாதாரணக் கத்தரியாலேயே வெட்டுவோம். மின்கத்தியால் சுட்டுக்கொண்டே போனால் எது கட்டி, எது நல்ல திசு என்று கண்ணுக்குத் தெரியாது. “அஞ்சு நிமிஷம்” என்பார் சிஸ்டர். யாரும் பேச மாட்டோம். கட்டியின் ஓரம் பளபளப்பாகத் தெரிந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்து வெட்டுவோம். கட்டி பிரிந்ததும் அடியில் ஒரு குழி. சிறுநீர் வடியும் அறை திறந்திருந்தால் முதலில் அதைத் தைக்க வேண்டும். பிறகு வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் வாய்கள். “பதினாலு.” உள் அடுக்குத் தையல் முடிந்ததும் கவ்வியை எடுத்துவிடுவோம். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வரும். எங்காவது ரத்தம் கொப்பளித்தால் அங்கே இன்னொரு தையல். பிறகு வெளி அடுக்கை இழுத்து மூடி, நூலை முடிச்சுப் போடாமல் பிளாஸ்டிக் கிளிப்பால் இறுக்குவோம். உள்ளே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

முன்பெல்லாம் நிமிடமே எல்லாம் என்று நினைத்தோம். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. 25 நிமிடத்துக்குள் முடித்துவிட்டால், 15-க்கும் 22-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு நல்ல திசுவைக் கட்டியோடு சேர்த்து வெட்டி எறிந்தோம், தையலில் எவ்வளவை நெரித்தோம் என்பதுதான் பிற்காலச் செயல்திறனைத் தீர்மானிக்கிறது. வேகக்காரரைவிடச் சிக்கனக்காரர் மேல்.

இந்தக் குழியைத் தைக்கும் வேலைதான் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் உயிரை எடுப்பது. நீளமான கம்பிக் கருவி, மணிக்கட்டு கிடையாது. இதை உலகுக்குச் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன இந்தர்பீர் கில். அவரும் சகாக்களும் 2007-இல், திறந்த முறையிலும் லேப்ராஸ்கோப்பியிலும் செய்த 1,800 பகுதி நீக்கங்களை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். லேப்ராஸ்கோப்பியில் ரத்த இழப்புக் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பினார்கள், மூன்றாண்டில் புற்றுநோயால் இறக்காமல் இருந்தவர்கள் இரண்டிலும் 99 சதவீதம். ஆனால் ரத்தம் நிறுத்தி வைத்த நேரம் திறந்த அறுவையில் சராசரி 20 நிமிடம், லேப்ராஸ்கோப்பியில் 31. பின்விளைவுகளும் லேப்ராஸ்கோப்பியில் அதிகம். தாம் வளர்த்த முறையின் குறையைத் தாமே எண்ணிக்கையோடு அச்சில் போட்டார்கள். இந்தப் பண்பு எங்கள் தொழிலில் எல்லோரிடமும் இல்லை.

ரோபோ அந்த இடத்தில்தான் உள்ளே வந்தது. 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி கருவியில் நுனியிலேயே மணிக்கட்டு இருக்கிறது; முப்பரிமாணத்தில், பத்து மடங்கு பெரிதாகத் தெரிகிறது; கை நடுக்கத்தை அது வடிகட்டிவிடும். தையல் சுலபமாயிற்று, நேரம் குறைந்தது. ரோபோ தானாக எதையும் வெட்டாது. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரல்கள்தான் அதை ஆட்டுகின்றன. அந்த விரலுக்குத் தெரியாததை ரோபோவும் செய்யாது. செலவு அதிகம் என்பது உண்மை. 2022-இல் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் ரோபோ அறுவைப் பிரிவு தொடங்கப்பட்டது, இது பணக்காரர் வைத்தியம் மட்டும் இல்லை என்பதற்கு நல்ல தொடக்கம். ஆனாலும் சொல்கிறேன்: திறந்த முறையில் கட்டியை மட்டும் எடுக்கத் தெரிந்த மருத்துவர் ஒருவரும், ரோபோவில் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கிறேன் என்பவர் ஒருவரும் எதிரே இருந்தால், என் வீட்டாரை நான் முதலாமவரிடம் அனுப்புவேன்.

சிறிய துளை என்றாலே நல்லது என்று கண்ணை மூடி நம்பக் கூடாது என்பதற்குப் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு பாடம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழியிலும் ரோபோவிலும் 86. உலகம் முழுக்க அந்த நோய்க்குத் திரும்பக் கத்திக்கே போனார்கள். சிறுநீரகத்தில் அப்படி ஒரு பின்னடைவு தென்படவில்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்தே சொல்ல வேண்டும்.

அறுவையே வேண்டாதவர்களும் உண்டு. 80 வயது, இதயம் பலவீனம், 2 செ.மீ. கட்டி என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். அவரை முந்திக்கொண்டு அழைத்துப் போகப்போவது அந்தக் கட்டியாக இருக்காது. 3 செ.மீ.க்குள் இருந்தால் ஊசி செலுத்தி உறைய வைத்தோ சுட்டோ அழிக்கும் முறைகளும் இருக்கின்றன. “ஒண்ணும் செய்யாம விடறதா?” என்று பிள்ளைகள் கோபிப்பார்கள். கண்காணிப்பதும் சிகிச்சைதான், சொன்ன தேதியில் ஸ்கேனுக்கு வருகிற வரையில்.

அறுவைக்குப் பிறகு? மறுநாளே நடக்க வைப்போம். தோள்பட்டை வலிக்கும்; வயிற்றில் விட்ட வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இரண்டு நாளில் போய்விடும். மூன்று, நான்கு நாளில் வீடு. ஒரு மாதம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது. ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு வாரம் கழித்து, நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று சிறுநீர் ரத்தமாகப் போகலாம். தைத்த இடத்தில் உள்ளே ஒரு தமனி பலூன் போல வீங்கி வெடிப்பதால் வருவது. நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான் வரும். வந்தால் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் ஆம்புலன்ஸ். தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கசியும் அந்த ஒரு கிளையை மட்டும் அடைத்துவிடலாம், சிறுநீரகம் தப்பிக்கும்.

கேள்வி நேரத்துக்கு மணி அடிக்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்கேனில் சிறுநீரகக் கட்டி என்று வந்தால் பதற வேண்டாம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. எடுத்து, படத்தையே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மருத்துவரிடம், “கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாது என்றால் ஏன் முடியாது?” என்று கேளுங்கள். “நீங்கள் இதை அடிக்கடி செய்கிறீர்களா?” என்றும் கேளுங்கள்; நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு சிறுநீரக அறுவை நிபுணரிடம் போங்கள். முழுச் சிறுநீரகத்தையும் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு நடை நடந்துவிடுங்கள்.